நூறு ரூபாய் உறுப்பினன்

படிவத்தில் ஒரு வரி:
‘இக்கட்சியின் கொள்கைகளை மனமார ஏற்கிறேன்.’
மனமார என்ற சொல்லுக்கு மேலே
பேனா கொஞ்சம் நின்றது. மை கசிந்தது.
அவ்வளவுதான். கையெழுத்து வைத்தேன்.

பதினாறு வருடம் விளக்குக் கட்சிக்குப்
பசை காய்ச்சியவன் நான்.
சுன்னாகம் சந்தியிலிருந்து மல்லாகம் வரை
எந்த மதில் பசை பிடிக்கும், எது உரிக்கும்
என்று இருட்டிலும் சொல்வேன்.
குடைக்காரரின் சுவரொட்டிக்கு மேலே
அவர்களுடைய ஈரம் காயுமுன்
எங்களுடையதை ஒட்டியவன்.

இந்த முறை குடைக்காரருக்குள்ளேயே இழுபறி.
சனாதிபதித் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது?
உறுப்பினர்களே தெரியட்டும் என்றது கொழும்பு.
நூறு ரூபாய், அடையாள அட்டைப் பிரதி, ஒரு படம்.
யாரும் சேரலாம்.

‘யாரும் எண்டு எழுதினவனுக்கு
முந்நூற்றிநாலு விளையாடத் தெரியாது’
என்றார் எங்கள் கிளைச் செயலாளர் தில்லைநடேசன்,
சீட்டைக் கலைத்தபடி.
‘அவன்ர துரும்பை நாங்கள் தெரிஞ்சு குடுப்பம்.’

நின்றவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் இங்கே வந்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல்
தட்டுத்தடுமாறித் தமிழில் பேசியவர்;
மேடையைவிட்டு இறங்கி மனுக்களை வாங்கியவர்.
மற்றவர் வந்ததேயில்லை.
அவருடைய கூட்டங்களில் எங்களைப் பற்றி
இரண்டு பகிடி உண்டு.
இரண்டுக்கும் கைதட்டு விழும்.

‘பகிடிக்காரன் வந்தால்
நடுவில நிக்கிற சனம் பயந்து
எங்கட பக்கம் ஓடிவரும்.’
கணக்கு வடிவாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை, கோண்டாவில் சங்கக் கட்டடம்.
வரிசையில் எனக்கு முன்னால்
பசைவாளி தூக்குகிற கிருபன்.
அவனுக்கு முன்னால் எங்கள் மகளிர் அணித் தலைவி.
தூணோடு ஒட்டியபடி பொருளாளர்.
செத்தவீட்டில் கடன்காரனைக் கண்டதுபோல
எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

மேசையில் குணபூசணி.
எங்கள் பகுதியில் குடைக் கட்சிக்கு
மெய்யாகவே இருந்த ஒன்பது பேரில் ஒருத்தி.
போன தேர்தலில் தனியாக முகவர் வேலை பார்த்து
எங்கள் பொடியளிடம் பேச்சு வாங்கியவள்.
‘வாங்கோ அண்ணை, நீங்களுமோ!’
அந்தக் குரலில் சந்தேகம் இருந்திருந்தால்
எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.
‘இவ்வளவு சனம் வருமெண்டு நினைக்கேல்லை.
வாங்கில் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு
ஆள் அனுப்பியிருக்கிறன்.’
வெய்யிலில் வந்த எனக்கு
நெல்லிரசம் கலந்து தந்தாள். சீனி கூட.

அவள் தமையனின் மனு
அந்தத் தடுமாறித் தமிழ் பேசியவரின் பையில் போனது.
மனு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்
காசுப்பையில் வைத்திருக்கிறாள்.
எனக்குக் காட்டவில்லை.
ஊருக்கே தெரியும்.

மட்டைத் தடுப்பு. கயிற்றில் கட்டிய பென்சில்.
இரண்டு பெயர்.
கணக்கின்படி செய்தேன்.

இரவு முடிவு வந்தது. கோண்டாவில்:
பகிடிக்காரர் இருநூற்றுப் பதினொன்று.
மற்றவர் ஒன்பது.
ஒன்பது.
தில்லைநடேசன் சோடா உடைத்தார்.
தொலைக்காட்சியில் பகிடிக்காரர் கையை உயர்த்தி
‘வடக்கும் என்னோடுதான்’ என்றார்.
கடற்கரைத் திடல் முழுக்க ஆர்ப்பரித்தது.
பயந்து ஓடுகிற சனத்தின் சத்தமாக
அது இல்லை.
கிருபன் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தான்.

சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு குடை தந்திருந்தார்கள்.
மினிபஸ்ஸில் வேண்டுமென்றே விட்டுவிட்டு இறங்கினேன்.
‘அண்ணை, உங்கட சாமான்!’ என்று
நடத்துநர் ஓடிவந்து கையில் திணித்தான்.

நேற்றுச் சந்தைக்குப் போகும்போது வானம் கறுத்திருந்தது.
மனைவிதான் அதைத் தந்துவிட்டாள்.
வெங்காயக் கடைகளைத் தாண்டும்போது மழை பிடித்தது.
எதிரே குணபூசணி, தலையில் சேலைத் தலைப்பு.
குடைகள் காணாமல் போனதால்
தன்னுடையதையும் யாரோ புது உறுப்பினருக்கு
கொடுத்துவிட்டாளாம்.

நான் விரிக்கவில்லை.
கக்கத்தில் இடுக்கியபடி நின்றேன்.
இரண்டு பேரும் நனைந்தோம்.

‘வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு’ என்றாள்.
‘வருவீங்கள்தானே?’